பத்துக்குப் பத்து

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை நான் சொல்லாமலேயே இவர் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பினார். குடிநீர் வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடந்த மனுஷன். மாலையில் நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் மேஜை நிறையக் கார் படங்கள். “நம்ம வண்டிக் கதவு ஒதச்சாத்தான் சாத்துது. புதுசு பாப்போம்மா” என்றார். எவ்வளவு நாளாயிற்று அந்த முகத்தில் வெளிச்சம் பார்த்து!

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்பா ஆசைப்பட்டா வாங்கட்டுமேம்மா. நீங்க ரெண்டு பேரும் யாருக்காகச் சேத்து வைக்கிறீங்க?” என்றாள். அதுவும் சரிதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஷோரூமுக்கு இருவருமாகப் போனோம். வாசலில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஒருவர், காபி கொண்டுவர ஒருவர். எங்களைக் கவனித்துக்கொண்ட விற்பனைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். வாய் கொள்ளாத சிரிப்பு. மனதுக்குள் ‘சிரித்த முகம்’ என்று பெயர் வைத்துவிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை சார், மேடம்.

நானும் பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் இருபது வருஷமாகச் சிரிப்பவள்தான். பல் வலியோடு வருகிறவரிடம் “ரெண்டு நிமிஷம் உட்காருங்க” என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார வைக்கத் தெரியும். அதனால் எது தொழில் சிரிப்பு என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைப்பு. ஆனால் இந்தப் பிள்ளையிடம் ஒன்று பிடித்திருந்தது. “பின்னாடி மூணு பேர் தாராளமா உட்காரலாமா?” என்று இவர் கேட்டார். பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். கிளம்பும்போது மறுபடியும். மூன்று தடவையும் இப்போதுதான் முதல் தடவை காதில் விழுவதுபோல அதே சிரிப்போடு சொன்னான். எனக்கே சுருக்கென்று கோபம் வந்தது, அவனுக்கு வரவில்லை. என்ன பொறுமை!

மார்ச் 15, சனி

பணம் கட்டியாயிற்று. சாம்பல் நிறம். பழைய வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். இவர் வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பழசு போன வருத்தமாக இருக்கும்.

மார்ச் 20, வியாழன்



காலையில் மருத்துவமனையில் இருந்தபோது எனக்கு ஒரு போன். பெரிய சாலையில் இருக்கிற இன்னொரு கார் ஷோரூமிலிருந்து ஒரு பெண். விற்பனையில் இருக்கிறாளாம். “மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. சார் இந்த வாரத்துல மூணாவது தடவ வந்திருக்கார். ஒவ்வொரு தடவையும் என்னைப் புதுசாப் பாக்கற மாதிரி அறிமுகம் பண்ணிக்கிறார். இன்னிக்கு அட்வான்ஸ் கட்டறேன்னார். நான் வாங்கல. அவர் நம்பரக் கேட்டேன், யோசிச்சுப் பாத்துட்டு உங்க நம்பரத்தான் சொன்னார்” என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “விக்க இஷ்டமில்லன்னா விக்காதீங்க. என் வீட்டுக்காரருக்குப் புத்தி சரியில்லன்னு சொல்ல நீங்க யாரு?” என்று கத்திவிட்டேன். பல் வலிக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

“நான் அப்படிச் சொல்லல மேடம். வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு என்கிட்ட கேட்டார். அதான் எங்க டிரைவர அவர்கூட அனுப்பியிருக்கேன். மன்னிச்சுக்கங்க.” வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டால் இவர் சிரிக்கிறார். “சும்மா வெல கேக்கப் போனேன். அந்தப் பொண்ணு ஏன் பயந்துச்சு?” அவ்வளவுதானே! புக் பண்ணிய பிறகும் நாலு இடத்தில் விலை விசாரிக்காத ஆம்பளை உண்டா? மரியாதை தெரியாதவள். அந்த ஷோரூம் மேலாளரைக் கூப்பிட்டுப் புகார் சொன்னேன். “கண்டிப்பா நடவடிக்கை எடுக்கறோம் மேடம்” என்றார். இப்போதுதான் மனசு ஆறியது.

மார்ச் 29, சனி

வண்டி வந்துவிட்டது. சிவப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதை இவரை இழுக்கச் சொன்னார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். கேக், பூங்கொத்து, ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைச் சாவி, அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ. போட்டோவில் நான் கேமராவைப் பார்க்கிறேன், இவர் வேறெங்கோ பார்க்கிறார்.

கிளம்பும்போது சிரித்த முகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “மேடம், கம்பெனிலேர்ந்து போன் வரும். எப்படிக் கவனிச்சாங்கன்னு மார்க் கேப்பாங்க. ஒம்பது போட்டாக்கூட எனக்குப் பூஜ்யம் மாதிரிதான். பாத்துப் போடுங்க.”

மார்ச் 31, திங்கள்

போன் வந்தது. பத்துக்குப் பத்து போட்டேன். “வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?” என்றார்கள். “அவருக்கு ரொம்பப் பொறுமை” என்றேன்.

ஏப்ரல் 5, சனி

காலை காய்கறிக் கடைக்குப் போனவர் பொழுது சாய வந்தார். பெட்ரோல் முள் அடியில். இடது பக்கம் நீளமாக ஒரு கீறல். “ரோட்ட மூடிட்டாங்க, சுத்திட்டு வந்தேன்.” எந்த ரோடு? சொல்லத் தெரியவில்லை. காய்கறியும் இல்லை. நான் மேலே கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஏப்ரல் 11, வெள்ளி

என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி. புதிய காரை முன்பதிவு செய்ததற்கு வாழ்த்துகளாம். போன மாதச் செய்திதான் தாமதமாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தேதியைப் பார்த்தேன். இன்றைய தேதி.

ஏப்ரல் 12, சனி

சிரித்த முகத்தின் எதிரில் போய் உட்கார்ந்தேன். காபி வந்தது. தொடவில்லை.

அதே வண்டி. அதே சாம்பல் நிறம். இவர் நேற்றுப் போய் இன்னொன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறார்.

“போன மாசம்தானே நீங்களே இவர் கையில சாவியக் குடுத்தீங்க. அந்த வண்டியிலதானே நேத்து இங்க வந்து எறங்கினார்?”

“ஃபேமிலிக்கு ரெண்டாவது வண்டின்னு நெனச்சேன் மேடம். கஸ்டமர் கேட்டா இல்லன்னு சொல்ல முடியாதே.”

“அன்னிக்கே ஒரே கேள்விய மூணு தடவ கேட்டாரே. உங்களுக்கு ஒண்ணும் தெரியலயா?”

அப்போதும் சிரிப்பு போகவில்லை. குரலும் உயரவில்லை. “கூடவே இருக்கற உங்களுக்கே தெரியலயே மேடம்” என்றான்.

எழுந்து வந்துவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார்களாம், விதியாம். அதுவா இப்போது பெரிசு? பஸ்ஸில் உட்கார்ந்து முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அவன் சொன்னதில் என்ன பொய்? எனக்குத் தெரியலயா, தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேனா? அடுப்புல பால வச்சுட்டு மறந்தது, என் தம்பி பேரு சட்டுனு வராம “அவன்தான், உன் கூடப்பொறந்தவன்”னு சொன்னது, குளிச்சுட்டு வந்து மறுபடி குளிக்கப் போனது... எல்லாத்துக்கும் நான்தானே ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நரம்பு மருத்துவர். என் தம்பியும் கூட வந்தான். “இது என்ன மாசம் சார்?” என்று கேட்டார் டாக்டர். இவர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். நாள்காட்டி இல்லை. “டாக்டர், இதெல்லாம் நீங்க தெரிஞ்சு வச்சிருக்க வேணாமா? எங்கிட்டக் கேட்டா எப்படி?” என்றார். தம்பி சிரித்துவிட்டான். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் படம் எடுத்து, ரத்தம் பார்த்து, எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. வண்டி ஓட்டவே கூடாது.

வாசலில் இவர் தம்பியிடம் கேட்டார்: “யாருக்குடா ஒடம்பு சரியில்ல?”

ஏப்ரல் 30, புதன்

சாவியை மருத்துவமனை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன். நான் வருவதற்குள் பீரோ, சமையல் டப்பா, தலையணை உறை எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்திருந்தார்.

“சாவி எங்கடி? நான் சம்பாதிச்ச காசு. நான் என்ன திருடனா, எங்கிட்டேர்ந்து ஒளிச்சு வைக்க?”

இத்தனை வருஷத்தில் என்னை ‘டி’ போட்டதில்லை. தரையெல்லாம் பருப்பு. குனிந்து அள்ளிக்கொண்டே இருந்தேன்.   கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவரும் அள்ளினார். “யாரும்மா இப்படிக் கொட்டினது?”

மே 8, வியாழன்

மருத்துவமனையில் வியாழன்தோறும் எனக்கு மத்தியானம் விடுப்பு. இன்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு பெரிய சாலை ஷோரூமுக்குப் போனேன். அந்தப் பெண் விற்பனையில் இல்லை. பின்பக்கம், வண்டி பழுது பார்க்கும் இடத்தில் போன் எடுக்கிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். எண்ணெய் வாடை, ஒரே சத்தம், ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேசவேண்டும். நாற்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தாள்.

“என் புகாராலதானே உங்கள இங்க மாத்தினாங்க?”

“அங்க மாசா மாசம் இத்தன வண்டி விக்கணும்னு கழுத்தப் பிடிப்பாங்க மேடம். இங்க அது இல்ல.” சம்பளம் குறைந்ததா என்று கேட்டேன். எனக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள்.

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியல மேடம். மூணு நாளும் அதே சந்தோஷத்தோட வந்தார். பணத்த நீட்டினப்போ என் கைதான் நீளல.”

என்னால் அதற்குமேல் முடியவில்லை. யாரோ ஒருத்தியின் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவளுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒருவழியாக நான் அடங்கியதும், டாக்டர் சான்றிதழோடு யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். ஷோரூமுக்கு இல்லையாம், கார்க் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்காம். இருக்கிற வண்டியை விற்க வேண்டும் என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எங்க ஆளுங்ககிட்ட விட்டுடாதீங்க. ஒங்க அவசரம் தெரிஞ்சா அடிமாட்டு வெலைக்குக் கேப்பாங்க.”

போகும் வழியில் மேலாளரைப் பார்த்து என் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “அது முடிஞ்சுபோன விஷயம் மேடம்” என்றார். முடிந்துவிட்டதாம்.

மே 23, வெள்ளி

கம்பெனியிலிருந்து பதில். இரண்டாவது வண்டியின் பணம் திரும்பி வருகிறது. இந்தச் சேவைக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். போனை மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வண்டி போய்விட்டது. தம்பியின் சிநேகிதர் நியாயமான விலைக்கு எடுத்துக்கொண்டார். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். “நல்ல வண்டி. யாரோடது?” என்றார்.

ஜூலை 17, வியாழன்

மகள் பேரனோடு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அவளை இவருக்குத் தெரிந்தது. பேரனைத் தெரியவில்லை. பஸ் ஏறும்போது, “நீ எப்படிம்மா தனியா?” என்று அழுதாள். “அப்பா இருக்காரே” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. பிறகு யோசித்தால் அது சரியான பதில்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். “கார் பாக்கப் போலாம்மா.” ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொல்லி அலுத்துவிட்டது. இன்று அந்தப் பெண்ணிடம் போனில் புலம்பினேன். புலம்ப ஒரு ஆள் ஆகிவிட்டாள். “வியாழக்கெழம மத்தியானம் இங்க ஈ காக்கா இருக்காது மேடம். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்களேன். நான் சொல்லி வைக்கிறேன்” என்றாள். கார் வாங்காதவர்களுக்கு எந்த ஷோரூமிலாவது இப்படிச் சொல்வார்களா?

செப்டம்பர் 18, வியாழன்

இது மூன்றாவது வியாழன். பழுது பார்க்கும் இடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள். இவர் கைகூப்பி, தன் பெயரையும் உத்தியோகத்தையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார். “உங்களப் பாத்ததுல சந்தோஷம் சார்” என்று சொல்லி, ஜன்னலோரம் நின்ற நீல வண்டியின் கதவைத் திறந்துவிட்டாள். இவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். நான் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் போய்விட்டாள். சத்தமே இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார். முன்பின் தெரியாதவர்களிடம் மட்டும் வருகிற அந்தப் பவ்யமான குரல்.

“நீங்க எங்கம்மா எறங்கணும்?”

நாற்பது வருஷமாக என்னை ‘நீ’ என்று சொன்ன வாய்.

“நீங்க எறங்கற எடத்துலதாங்க” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, மறுபடி சாலையைப் பார்க்க ஆரம்பித்தார்.