மழை நாளில் உறையாத திரை

12 நவம்பர் 1997, புதன் இரவு

இன்று எங்கள் பேஜர் ஆபீஸில் திரை ஒரு தடவைகூட உறையவில்லை. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

போன வாரம் வரை மழை என்றாலே எனக்குப் பயம். தி.நகர் முழுக்க ஒரே நேரத்தில் போன் செய்யும். ஆபரேட்டர்கள் போனில் கேட்டுத் தட்டும் செய்திகளை டேட்டாபேஸ் ஒவ்வொன்றாகப் பதிந்து முடித்த பிறகுதான் அடுத்ததை வாங்கும். திரை அப்படியே நின்றுவிடும். புரோகிராம் எழுதியவள் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நேற்று அதை மாற்றினேன். இப்போது ஒரு நொடிக்குள் வரும் செய்திகள் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் பதிவாகின்றன.

காலையில் கொட்டித் தீர்த்தது. ஆபரேட்டர் ஸ்டெல்லா ஹெட்போனோடு எழுந்து நின்றாள். "மேடம், இன்னா பண்ணீங்க? தட்டத் தட்டப் போய்க்கினே கீது!"

அப்போது சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். தங்கைக்குப் பிரசவ வலியாம். தங்கை கணவர் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் இருந்தார். ஸ்டெல்லா தட்டினாள், செய்தி உடனே அவர் பேஜருக்குப் போனது.

மத்தியானம் அவரே போன் செய்தார். "மெசேஜ் பாத்துட்டு ஓடியாந்தேம்மா. நான் உள்ள வரசொல்லோதான் பொண்ணு பொறந்துச்சு!"

ஸ்டெல்லா கத்திச் சொன்னாள். அறையே கைதட்டியது. மானேஜர் நனைந்துகொண்டே போய் எல்லோருக்கும் பாதுஷா வாங்கி வந்தார்.

அந்த ஒரு நொடியில் மெஷின் நின்றால், இன்னும் பதியாமல் சேர்ந்திருக்கும் செய்திகள் என்னவாகும்? நாளை பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள் என்று கேட்காமல் விட்டுவிட்டோமே.