கச்சேரி நடுவே வைத்த பூ

செக்காலை, காரைக்குடி
6.1.2025

அன்பு மகள் கீர்த்திக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். கச்சேரி முடியும்வரை போனை அணைத்து வைப்பேன் என்றாய். ஆகவே பல வருஷம் கழித்துத் தபால் ஆபீஸ் படியேறினேன். கவுண்டரில் இருந்தவர், "கோர்ட்டு கேஸாம்மா?" என்றார்.

பத்தொன்பதாம் தேதி நீ தனியாக வயலின் வாசிப்பதைத் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. மிருதங்கம் கிடையாது, முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பிய இசை என்றால், "பக்கவாத்தியத்துக்கு ஆள் கெடைக்கலையா?" என்கிறார்கள். நான் என்னத்தைக் கண்டேன், கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவை விட்டு நான் வர முடியாது. எனக்குப் பதில் மடிப்பாக்கத்து அன்னக்கிளி மதினி வருவார். மகன் சிவபிரகாஷும் வருவான். இசை என்றால் உயிராம். மயில்கழுத்துப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொள். சும்மாதான் சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு மேடையேறச் சொல்லும்
அம்மா தீபலட்சுமி

சென்னை
11.1.2025

அன்புள்ள அம்மா,

உன் "சும்மா" என்னைத் தூங்கவிடவில்லை. தீபாவளிக்கு நீ காட்டிய போட்டோதானே அந்த சிவபிரகாஷ்? பெண் பார்க்க வேண்டுமானால் மறுநாள் வரட்டும், முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்கிறேன். அன்றைக்கு வேண்டாம்.

மேடையில் நான் ஒருத்திதான், எல்லாம் மனப்பாடம். ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறுத்துவேன். அந்த அமைதியும் இசையில் சேர்த்தி, கைகூடத் தட்டக் கூடாது. நன்றாக அமைந்தால் கச்சேரி நடத்தும் கலை மையத்திலேயே வருஷம் முழுக்க வாசிக்க வாய்ப்பு. இதற்காகத்தான் வேலையை விட்டேன். அவர்களை வரவேண்டாமென்று சொல்லிவிடு.

கீர்த்தி

காரைக்குடி
16.1.2025

கீர்த்திக் கண்ணு,

மதினிக்குப் போன் போட்டேன். பொங்கல் பொங்கிய கதையில் தொடங்கி மூலவியாதிக்குக் கைவைத்தியம் வரை போனோம். சொல்ல வந்தது மட்டும் வாயில் வரவில்லை. முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாராம், எப்படிச் சொல்ல?

ஆனால் பக்குவமாகச் சொல்லியிருக்கிறேன். "நடுவுல நிப்பாட்டுவா, கை தட்டிப்புடாதீக." சரியென்றார். பிடித்திருந்தால் கையோடு பூ வைத்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அதெல்லாம் கச்சேரி முடிந்த பிறகுதானே. பயப்படாதே.

அம்மா

சென்னை
20.1.2025

அம்மா,

மூன்றாவது பகுதி முடிந்து வில்லைத் தாழ்த்தினேன். அரங்கம் மூச்சுவிடவில்லை. மேடைப் படியில் கொலுசுச் சத்தம். அன்னக்கிளி அத்தை வந்து, "ஆடாம நில்லு ஆத்தா" என்று கொண்டையில் மல்லிகையைச் செருகி, கூட்டத்தைப் பார்த்து, "எங்களுக்குப் பூரண சம்மதம்" என்றார். எல்லாரும் தட்டினார்கள்.

நாலாவது பகுதி எப்படித் தொடங்கும் என்பதே மறந்துவிட்டது. தொடங்கினேன், நின்றேன், மறுபடி தொடங்கினேன். அதை விட்டுவிட்டுக் கடைசிப் பகுதிக்குப் போனேன். அதை நன்றாக வாசித்தேன், பூவோடுதான். கலை மையத்தில், "பார்க்கலாம்" என்றார்கள்.

நம் பக்கம் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று எனக்கும் தெரியும். நீ வைக்கச் சொன்ன பூ. நீயே எடு.

கீர்த்தி

காரைக்குடி
28.1.2025

கீர்த்தி,

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தோசை மாவோடு விட்டுவிட்டு ரயிலேறி மடிப்பாக்கம் போனேன். இந்தப் பேச்சு வேண்டாமென்றேன். மதினி விடவில்லை. "நடுவுல நிப்பாட்டுவான்னு நீங்கதானே சொன்னீக? பூ வைக்கத்தான் நிப்பாட்டுறான்னு நெனச்சேன். இப்ப வேணாங்குறீக, சொந்தக்காரக மூஞ்சியில எப்படி முழிக்க?"

"தப்பு எம்மேலதான் மதினி. வாசிக்கிற வேலையில இருந்த புள்ளைக்குப் பூ வைக்கச் சொல்லிட்டேன். அது செல்லாது" என்றேன்.

காபி வரவில்லை. அந்த வீட்டில் எனக்குக் காபி வராதது இதுவே முதல் தடவை. வாசல்வரை வந்த சிவபிரகாஷ் மெதுவாக, "எனக்கும் சம்மதமில்லத்தை, யாரும் கேக்கல" என்றான். நல்ல பையன். இல்லை, சும்மாகூடச் சொல்லவில்லை.

அங்கிருந்து உன் வீட்டுக்கு வந்தேன். மாடியில் வாசித்துக்கொண்டிருந்தாய், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப. படியில் வைத்த காலை எடுத்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"யாரையும் இல்ல. கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

ரயிலுக்கு நேரமாகும்வரை நின்றேன்.

அம்மா