மச்சான் கேட்ட கேள்வி

மார்ச் 12, புதன்

இன்று மச்சானை அடித்துவிட்டேன். நாளைய நேர்முகப் பரீட்சைக்குப் பழக்குகிறேன் என்று அவன்தான் அதிகாரி மாதிரி மேசைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"ஒன்பது வருசமா ஆஸ்பத்திரியில தற்காலிக ஊழியர். ஏன் நிரந்தரமாக்கல்ல? உங்களில ஏதும் பிழை இருக்கோ?"

மேசைக்கு மேலால் பாய்ந்து மூக்கில் குத்தினேன். விழுந்தவனை மிதித்தேன். தங்கச்சி குறுக்கே விழுந்திராவிட்டால் தன் புருசனை இழந்திருப்பாள்.

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "இதைத்தான் நாளைக்கும் கேப்பாங்க மச்சான். அவங்களையும் அடிப்பியோ?"

அடிப்பேன் போலத்தான் இருக்கிறது. கை இன்னும் அடங்கவில்லை.

மேசையில் கிடந்த, ஒன்பது வருச வேலைக்கு ஆஸ்பத்திரி தந்த சேவைக் கடிதத்தில் அவன் இரத்தம் தெறித்திருந்தது. நேர்முகத்துக்குப் போக, வாவி கடக்க விடியவே படகு. புதுக் கடிதத்துக்கு எங்கே போவேன்? ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். இரத்தம் போகவில்லை. பெரிய டொக்டரின் கையெழுத்துப் போய்விட்டது.