நான் அமுக்கிய கட்டைவிரல்

சித்தையன்கோட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகன் பிராங்க்ளினுக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். அதைத் தொடவே இப்போது கூசுகிறது. நீ உன் கூட்டாளி ஜெரோம் அறையில் இருப்பதாக அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உன் காலேஜ் வாத்தியார் போனில் பேசினார். "பரீட்சை எழுத முடியாதுன்னு எத்தனை தடவை வாட்ஸ்அப்புல அனுப்பினேன்? எல்லாத்துக்கும் கட்டைவிரல் போட்டுச் சம்மதம் சொன்னீங்களேம்மா" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உடனே பஸ் ஏறிப் பேகம்பூர் போனேன். நான் தைத்துக் கொடுக்கும் துணிக்கடை பாஸிலாவுக்கு இங்கிலீஷ் தெரியும். வாத்தியார் இங்கிலீஷில் அனுப்பியிருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். பையன் வகுப்புக்கு வருவதில்லை என்று ஒன்று. கீழே என் கட்டைவிரல். ஹாஸ்டலிலும் இல்லை என்று ஒன்று, அதற்கும் கட்டைவிரல். "அக்கா, இதுக்குமா போட்டீங்க?" என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீதானே சொல்லிக்கொடுத்தாய்? காலேஜில் சேர்ந்த அன்று என் விரலைப் பிடித்துப் போனில் அந்தக் கட்டைவிரல் படத்தின் மேல் வைத்து, "காலேஜிலருந்து எது வந்தாலும் இதை அமுக்கிரும்மா, அதுதான் வாத்தியாருக்கு மரியாதை" என்றாய். எனக்கு அம்புட்டுப் பெருமை. அடுப்பில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துவிட்டு வந்து அமுக்கினேன்.

என் அம்மா காலமெல்லாம் கைநாட்டு. அந்த வெட்கம் எனக்கு வேண்டாமென்றுதான் எட்டாவது வரைக்கும் அடம்பிடித்துப் படித்தேன். கடைசியில் பெற்ற பிள்ளை நீ என்னைக் கைநாட்டாக்கிவிட்டாய். படிப்பு ஏறவில்லை என்று சொல்லியிருந்தால் அடித்தா இருப்பேன்? என் விரலை வைத்தே என் கண்ணைக் குத்திவிட்டாயே, பாவி. மனசு ஆறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நீயும் நானும் நேரில் வந்தால், இந்த வருடம் வீணாகாமல் பார்க்கலாம் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் விடிகாலை பஸ்ஸில் கோயம்புத்தூர் வருகிறேன். காலேஜ் வாசலில் வந்து நில். அவர் அனுப்பியதையெல்லாம் அவர் முன்னாலேயே நீ எனக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்.

"மன்னிச்சிரும்மா" என்று நேற்று நீ அனுப்பியதைப் பார்த்தேன். அது மட்டும் தமிழில் இருந்தது. அதற்குக் கட்டைவிரல் போட எனக்குக் கை வரவில்லை.

நீ ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் நெற்றியில் சிலுவை போட்டதும் இதே விரல்தான், அப்பு. நெற்றியைக் கொண்டு வா.

உன் அம்மா,
செபாஸ்தியம்மாள்