தூங்குமூஞ்சி மரத்துக்கு விஷம் வைத்தது யார்

அன்பு மகளுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. ஒரு எழுத்து குண்டாகவும் அடுத்தது நோஞ்சானாகவும் இருக்கும், வரி மேலே ஏறிப்போய்ப் பிறகு களைத்துக் கீழே இறங்கும். ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. நான் எழுதித் தரட்டுமா என்று அம்மா கேட்டாள், பேனாவைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருப்பதாக நீ எழுதினால் நம்புவேன், போனில் சொன்னால் நம்ப மாட்டேன், போனில் நீ இருமலை அடக்கிக்கொண்டு பேசுவது எனக்குத் தெரியும்.

நம் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூட வேனுக்கு அதன் கீழேதான் நிற்பாய். அதற்கு உடம்பு சரியில்லை. இரண்டு மாதமாக இலையின் ஓரம் தீயில் காட்டியதுபோலக் கருகி, காற்றே இல்லாமல் கொட்டுகிறது. நகராட்சி ஆள் வந்து பட்டையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பட்டுப்போச்சுன்னா யார் தலையிலயாவது விழும் பெரியவரே, அடுத்த மாசம் வந்து பார்ப்பேன், துளிர் இல்லைன்னா வெட்டிர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடம் நல்லபடியாக இருந்த மரம் திடீரென்று ஏன் காய வேண்டும்? யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. வேரைச் சுற்றி மண்ணில் வெள்ளையாகப் பொடி வேறு பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

உன் அப்பன் ஆயுசெல்லாம் கிடங்கு வாசலில் காவல் இருந்தவன். எங்கள் வேலையில் போகிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, சிரித்துச் சிரித்தே ஏமாற்றுவான், கையைத்தான் பார்க்க வேண்டும். அதனால் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்கள் கையை எல்லாம் பார்த்தேன். பார்சல் கொண்டுவருகிறவன் மரத்தடியில் பாட்டிலைச் சாய்த்தான், ஓடிப்போய் மோந்து பார்த்தேன், வெறும் தண்ணீர். நாயோடு நடக்கிற வக்கீலம்மாவைச் சந்தேகப்பட்டேன், பிறகு நாயைச் சந்தேகப்பட்டேன். "என்னங்க, அந்த நாய் உங்களைப் பார்த்தா இப்பல்லாம் ஒதுங்கிப் போகுது" என்று அம்மா சிரித்தாள். கடைசியில் என் கணக்கு எதிர்ச் சாரியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் வந்து நின்றது. அவர் புதிதாக விளக்குப் போட்ட போர்டு வைத்திருக்கிறார், அதில் பாதியை நம் மரத்தின் கிளை மறைக்கிறது. கிளையை வெட்டச் சொல்லி நகராட்சியில் மனுக் கொடுத்தவரும் அவர்தான். தினமும் காலையில் மரத்தடியைப் பெருக்குவார். தன் கடை வாசலைப் பெருக்குகிறவன் சரி, தெருவைத் தாண்டி வந்து மரத்தடியைப் பெருக்குகிறவனுக்கு என்ன அக்கறை என்று நீயே சொல். அதுவும் மரம் காய ஆரம்பித்த பிறகு என்னைப் பார்த்து முன்னைவிடப் பெரிதாக வணக்கம் வைக்கிறார்.

ஒரு அட்டையை எடுத்து நானே எழுதினேன். "மரத்துக்கு விஷம் வைப்பவனே, எதிரில் கடை வைத்திருந்தால் தெரு உனக்குச் சொந்தமா" என்று எழுதி மரத்தில் கட்டினேன். அம்மா வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கோபத்தைவிட எனக்குச் சந்தோஷம்தான் அதிகம், நான் எழுதியதைத் தெருவே நின்று படித்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "அய்யா, எழுத்து ரொம்பத் தேறிடுச்சே" என்றுகூடச் சொன்னார். எழுத்துக் கோணலைப் பார்த்ததும் யார் எழுதியது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரரும் வந்து படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு என் ஜன்னலுக்கு நேரே வந்து, "எழுதப் படிக்கக் கத்துக்கறீங்கன்னு கேட்டு, அவ்வளவு ஆசையா உங்களுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி கொடுத்தேனேய்யா, இதை எழுதத்தானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் விடவில்லை. குற்றம் செய்தவன் இப்படித்தான் உருக்கமாகப் பேசுவான் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் மரத்தடியைப் பெருக்கவில்லை. பார்த்தாயா, மாட்டிக்கொண்டதும் நிறுத்திவிட்டான் என்று அதற்கும் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதைக் கோபப்படாமல் படி. போர்வெல் தண்ணீரில் அம்மாவுக்கு முடி கொட்டுகிறது என்று சில மாதம் முன்பு நீ வாங்கி அனுப்பினாயே, தண்ணீரை மென்மையாக்கும் மெஷின், அதைச் சரிபார்க்க மெக்கானிக் வந்தான். அந்த மெஷின் வாரம் இரண்டு முறை தன்னைத்தானே கழுவி ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளும். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர் வீணாகப் போகிறதே என்று நான்தான் குழாயின் கீழே வாளி வைத்துப் பிடித்து மரத்துக்கு ஊற்றிவந்தேன். ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்கு விட்டதில்லை, அதில் எனக்குப் பெருமை. அன்றும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மெக்கானிக் ஓடிவந்து, "அய்யோ, எங்க கொண்டு போறீங்க? மெஷின்ல மூட்டையா உப்புப் போடுறோம்ல, அது கழுவும்போது இந்தத் தண்ணியிலதான் வெளிய வரும். இதை ஊத்துனா புல்லுகூடப் பொழைக்காது" என்றான். போட்ட உப்பு மெஷினுக்குள்ளேயே தீர்ந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் மகளே. முதலில் இவனையும் கடைக்காரர் ஏவிவிட்டிருப்பாரோ என்று சந்தேகப்பட்டேன். உன் அம்மா நேரே மரத்தடிக்குப் போனாள், அந்த வெள்ளைப் பொடியை விரலில் தொட்டு, நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டாள். "நம்ம உப்புதான், வாங்க" என்றாள். ஊரில் எல்லார் கையையும் பார்த்தேன், வாளி தூக்கிய கையைப் பார்க்கவில்லை.

அட்டையை அவிழ்த்துக்கொண்டு கடைக்குப் போனேன். உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள். தெருவில் எல்லோரும் படிக்கத்தானே எழுதினேன், அதனால் அவர்கள் எதிரிலேயே சொன்னேன், விஷம் வைத்தது நான்தான், உங்களைப் பற்றி எழுதியது தப்பு என்று. அவர் நிமிரவில்லை. "சரி, வேலை இருக்கு" என்றார், அவ்வளவுதான். செடி விற்கும் நர்சரிக்காரம்மாவிடம் கேட்டதில், நல்ல தண்ணீர் நிறைய விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்கினால் பிழைத்தாலும் பிழைக்கலாம், சத்தியம் பண்ண முடியாது என்றார். மெஷினை நிறுத்திவிட்டோம். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் என்ன என்று மெக்கானிக் கேட்டான், சாக்கடை எங்கே போகிறது என்று நான் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போய்ச் சேரும் இடத்தில் யார் வீட்டு மரம் நிற்கிறதோ. முடி கொட்டினால் கொட்டட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள், சொல்லும்போது என் வழுக்கையைப் பார்த்தாள். நீ ஆசையாக வாங்கித் தந்தது, மனசு வருத்தப்படாதே.

இன்று காலை நானும் அம்மாவும் மழைத்தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் தன் கடைக் குழாயிலிருந்து நீளமாக ஓஸ் இழுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை, மரத்தைத்தான் பார்த்தார். இவர் கடைக்கு என்ன தண்ணீர் வருகிறதோ என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. பழக்கம் எங்கே போகும்? ஓஸ் முனையில் கையை ஏந்தி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். அவருக்கு அது புரிந்துவிட்டது. "இன்னும் நம்பலையா?" என்றார். தண்ணீரை நம்பவில்லை, உங்களை நம்புகிறேன் என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை, ஆனால் ஓஸை என் கையில் கொடுத்துவிட்டு, குழாயை இன்னும் பெரிதாகத் திறக்கப் போனார்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். உங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்து எனக்கு எழுது, இருமலுக்கு மருந்து சாப்பிடு. அடுத்த வாரம் மரத்தைப் பற்றி எழுதுகிறேன், துளிர்த்தால்தான் எழுதுவேன் என்று நினைக்காதே, துளிர்க்காவிட்டாலும் என் கையாலேயே எழுதுவேன்.

உன் அப்பா