சாவி வந்த பிறகுதான் தாலி

அப்பா,

இன்றைக்கும் அந்த வழவழப்புத் தாள் வந்திருக்கிறது. கீழே தபால் பெட்டியைத் திறந்தால், மின்சாரக் கட்டண ரசீதுக்கு மேலே கோட்டும் டையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சொத்து முகவர் சிரிக்கிறார். நம் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் ஓர் ஐந்தறை வீடு என்ன விலைக்குப் போயிற்று என்று கொட்டை எழுத்தில் போட்டு, ‘உங்கள் வீட்டின் மதிப்பு தெரியுமா?’ என்று கேட்டிருக்கிறார். அச்சு மை வாடை இன்னும் போகவில்லை. வேறு யாராவது கொடுத்திருந்தால் மின்தூக்கி வருவதற்குள் கிழித்துப் போட்டிருப்பேன். நீங்கள் ஆசை ஆசையாகப் படித்த தாள் என்பதால் மேலே கொண்டு வந்துவிட்டேன். அம்மா கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு அப்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டு விலை வேண்டும். ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதுதான் உங்கள் முழுநேர வேலை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, “இங்க கேளு, நம்ம புக்கிட் பாத்தோக்லயே இந்த விலை” என்று ஆரம்பிப்பீர்கள். “நாம என்ன விக்கவா போறோம்?” என்பார் அம்மா. உடனே என் பக்கம் திரும்புவீர்கள். “நீ வேலைக்குப் போயி சம்பாதிக்கிற. வீடு தூங்கிக்கிட்டே சம்பாதிக்குது, பாத்தியா?”

ஒருநாள் கேட்டேன். “யார்கிட்டருந்துப்பா சம்பாதிக்குது?”

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த விலையைக் கொடுக்கப்போகிறவள் அதே மேசையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது உங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்கு ஆற்றாமைதான்.

நீங்கள் வீடு வாங்கிய கதை எனக்கு மனப்பாடம். “அரசாங்கத்துகிட்டப் போய்க் கேட்டோம், கொடுத்தாங்க.” அவ்வளவுதான் கதை. ஒருவர் சம்பளத்தில் கடனும் கட்டி, என்னையும் படிக்க வைத்தீர்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதே வாயால், “இப்ப உள்ள பிள்ளைங்க காபிக்கே அள்ளி விடறாங்க, எப்படி வீடு வாங்குவாங்க?” என்று சொன்னீர்களே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நானும் அரவிந்தும் காபியைக் கைவிட்டிருந்தால் கழிவறைக் கதவுக்குக்கூடக் காணாது.

அரவிந்த் என்னிடம் கல்யாணத்துக்குக் கேட்டது எப்படி என்று உங்களிடம் சொன்னதில்லை. தேக்கா உணவங்காடியில் பிரியாணித் தட்டுக்கு முன்னால், கையைக்கூடக் கழுவாமல், “பிடிஓ போடலாமா?” என்றார். இந்த ஊரில் எங்கள் வயதுக்காரர்களுக்கு அதுதான் காதல் வசனம். பிடிஓ என்றால், அரசாங்கம் இனிமேல்தான் கட்டப்போகும் வீட்டுக்கு இப்போதே பெயர் கொடுத்துக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். நான் சரி என்றேன். அப்போது எனக்கு வெட்கம்கூட வந்தது.

முதலில் போட்டபோதெல்லாம் எங்கள் எண் வரவே இல்லை. பிறகு ஒருமுறை வந்தது. நான் நல்ல புடவை கட்டிக்கொள்ள, இருவரும் வீடு தேர்ந்தெடுக்கப் போனோம். எங்கள் முறை வந்தபோது அந்த புளோக்குகளில் இந்தியக் குடும்பங்களுக்கான பங்கு முடிந்திருந்தது. எல்லா இனத்தாரும் கலந்து வாழவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த பங்கு. நல்ல எண்ணம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் திரையில் காலி வீடுகள் பளிச்சென்று தெரிந்தன, ஒன்றைக்கூட எங்களால் தொட முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து புடவையை அவிழ்த்து எறிந்தேன். நீங்கள் உள்ளே போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

கடைசியில் மேற்கே, வெறும் செம்மண்ணாகக் கிடந்த ஓர் இடத்தில் நாலறை வீடு கிடைத்தது. அரவிந்தின் அப்பாவும் அம்மாவும் நாள் குறிக்க வந்தார்கள். பலகாரத் தட்டு இன்னும் மேசையில் இருக்கும்போதே நீங்கள் சொன்னீர்கள். “பதிவு பண்ணிக்கட்டும். ஆனா சாவி வந்த பிறகுதான் தாலி. என் மக யார் வீட்டு ஹால்லயும் திரை கட்டிப் படுக்கமாட்டா.”

அம்மா குனிந்துகொண்டார். கல்யாணமான புதிதில் நீங்களும் அம்மாவும் பெரியப்பா வீட்டு ஹாலில் ஒரு திரைக்குப் பின்னால்தான் குடித்தனம் நடத்தினீர்கள். அரவிந்தின் வீட்டிலோ ஹாலையும் சேர்த்தே மூன்றறைதான், இரண்டு தம்பிகள் ஏற்கெனவே ஹாலில்தான் படுக்கிறார்கள். நீங்கள் பாசத்தில்தான் சொன்னீர்கள். அதனால்தான் அன்று என் வாய் திறக்கவில்லை.

பதிவுத் திருமணம் மட்டும் முடிந்தது. அதிலிருந்து என் பிழைப்பைப் பாருங்கள். சட்டப்படி நான் மனைவி, வரி கட்டும்போதும் மனைவி. அம்மாவின் சமையலறையில் மட்டும் கல்யாணமாகாத பெண். என் கணவர் என்னை மின்தூக்கி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் பிடித்துத் தன் அம்மா வீட்டுக்குப் போவார். சிராங்கூன் சாலையில் தெரிந்தவர்கள் யாரைப் பார்த்தாலும், “எப்ப கல்யாணச் சாப்பாடு?” என்பார்கள். வருஷக்கணக்காக ஒரே சிரிப்பைச் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்தது.

உட்கார்ந்து பேச இடமில்லாமல் நாங்கள் தனியார் கட்டி விற்கும் ஆடம்பரக் கூட்டுரிமை வீடுகளின் மாதிரி வீடுகளைப் பார்க்கப் போவோம். இலவசக் குளிர்சாதனம், சில இடங்களில் கேக்கும் உண்டு. ஒருமுறை நீங்களும் வருகிறேன் என்று கிளம்பி வந்தீர்கள். படுக்கையறைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டீர்கள். உங்கள் கால் இரண்டும் வெளியே தொங்கின.

“ஏம்மா, இது பெரியாளுக்கா, பிள்ளைங்களுக்கா?”

“ஷோஃபிளாட் அங்கிள், டிஸ்ப்ளேக்கு லா” என்றாள் அந்த முகவர் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அரவிந்துக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீங்கள் படுத்தபடியே விலை கேட்டீர்கள். அவள் சொன்னாள். நீங்கள் மெதுவாக எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினீர்கள்.

பேருந்தில் அவள் கொடுத்த விலைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “பழைய அரசாங்க வீடா வாங்கினாக்கூட உங்களுக்கு எக்கச்சக்கமா ஆகுமா?” என்றீர்கள்.

“நீங்க தினம் படிச்சுக் காட்டறதுதானேப்பா.”

அன்றோடு சாப்பாட்டு மேசையில் விலை வாசிப்பது நின்றது. ஆனால் உங்கள் வார்த்தையை மட்டும் நீங்கள் தளர்த்தவில்லை. “இன்னும் கொஞ்ச நாள்தானம்மா. சாவி வந்துடும் லா.” உங்களுக்கே நிச்சயமில்லாத விஷயத்துக்குத்தான் நீங்கள் ‘லா’ போடுவீர்கள்.

சாவி வரவில்லை. மின்னஞ்சல்தான் வந்தது. ஆள் பற்றாக்குறை, பொருள் பற்றாக்குறை, வீடு இன்னும் தாமதமாகும், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை, அம்மாவுக்கு ஒரு தமிழ் முகவர் போன் பண்ணினார். ஆழ்ந்த அனுதாபமாம். அடுத்த மூச்சில், விலை உச்சத்தில் இருக்கிறது, தனியாளுக்கு எதற்கு ஐந்தறை, விற்றுவிடுங்கள் ஆன்ட்டி என்கிறார். நான் போனைப் பிடுங்கப் போனேன். அம்மா தரவில்லை. “தம்பி, இந்த விலைக்கு வித்தா அந்த விலைக்குத்தான நான் வாங்கணும்? நடுவுல உனக்கு மட்டும்தான லாபம்?” என்று கேட்டு வைத்தார். உங்கள் மனைவி இப்படிப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியுமா அப்பா?

துக்க வருஷம் கழிந்தது. இனியாவது கல்யாணத்தை நடத்தலாம் என்று பெரியப்பாவிடம் போனோம். “தம்பி வாக்கு இருக்குல்லம்மா. சாவி வரட்டும். பொறுமை வேணும்” என்றார். தான் இருக்க ஒரு வீடு, வாடகைக்கு விட ஒரு வீடு என்று வைத்திருப்பவர் பேசுகிற பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. விலை ஏற ஏறக் கைதட்டியவர்கள், இருக்கிற வீட்டை இரண்டாக்கிக்கொண்டவர்கள், பிறகு தீபாவளிக்குத் தீபாவளி, ஏன் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கல்யாணம் பண்ணுவதில்லை, பிள்ளை பெறுவதில்லை என்று முறுக்கைக் கடித்துக்கொண்டு விசாரிக்கிறார்கள். இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பதில் சொன்னது அம்மாதான். “அரவிந்த் எங்க வீட்டுக்கே வரட்டும். ரூம் சும்மாதான இருக்கு.”

“வீட்டோட மாப்பிள்ளையா?” என்று பெரியப்பா எழுந்தே விட்டார்.

“வீட்டோட இல்லாம ரோட்டோடயா இருப்பாரு?”

அப்படியென்றால் தாரை வார்க்க நான் வரமாட்டேன், அப்பா இல்லாத பெண்ணுக்கு யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்றார் பெரியப்பா. அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். “நான் பெத்த பிள்ளை. நானே வார்க்கிறேன்.” மறுநாளே கேலாங் சிவன் கோவிலுக்குப் போய்ப் பேசிவிட்டும் வந்துவிட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை காலை தாலி. உங்கள் வார்த்தையை மீறித்தான் கட்டிக்கொள்கிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். நான் இத்தனை வருஷம் வீட்டுக்காகக் காத்திருந்தேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு குடக்கூலி அறையில் அரவிந்தோடு எப்போதோ போய் இருந்திருப்பேன். என் கையை அவர் கையில் வைத்து நீங்கள் தண்ணீர் வார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தேன்.

வீடு தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டார்கள். என்றைக்காவது சாவியையும் கொடுப்பார்கள், போய் வாங்கிக்கொள்வோம். என் கல்யாணத்தில் நீங்கள் இல்லாமல் போனதற்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நீங்களும்தான் தெரிவிக்கவில்லை, அப்பா. அந்தக் கோபத்தை எங்கேயும் இறக்கி வைக்க எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை அதோடுதான் மணையில் உட்காருவேன்.

உங்கள் மகள்