ஜோடி அத்தை போட்ட ஒரு நாள் லீவு

அன்புப் பாப்பாவுக்கு அம்மா எழுதுகிறேன். இந்த வயதுக்கு எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக நானும் உன் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் எங்களைவிட ஒரு படி மேலேயே சுகமாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் தகராறு செய்கிறது, இறங்கும்போது சமர்த்தாக இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக டாக்டர் சொல்கிறார், பிஸ்கட் டப்பாவை இவர் செருப்பு அலமாரியில் ஒளித்து வைத்திருப்பது டாக்டருக்குத் தெரியாது. வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் காலையில் ஷிப்டு நேரத்துக்குச் சரியாக முழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்த பிறகுதான் எங்கேயும் போக வேண்டாம் என்பது ஞாபகம் வருகிறது. சின்னக்குட்டிக்குச் சளி விட்டதா, தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டிவிடு, உனக்கு எப்போதும் அவசரம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது நான் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டேன், நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் எழவில்லை. உங்கள் தொழிற்சாலையில் தற்காலிகமாக இருக்கும் இருபத்தாறு பேரில் யாரை நிரந்தரமாக்குவது என்று பட்டியல் போடுவது உன் பொறுப்பு என்று சொன்னாயே, அதைக் கேட்டதும் என் வயிறு குளிர்ந்தது, பக்கத்தில் இருந்த அப்பாவிடம் கையைக் காட்டி அதை அப்போதே சொன்னேன். அடுத்த மூச்சிலேயே ஒன்பது பேரின் பெயரை அடித்துவிட்டேன் என்றாய், ஒன்பது பேரும் இந்த மண்ணின் பூர்வீக ஊர்க்காரர்கள், லீவு தாறுமாறாக இருக்கிறது, ஒருத்தர் செத்தால் மொத்தப் பேரும் கிளம்பிவிடுகிறார்கள், வேலையில் அக்கறையே கிடையாது என்றாய். அதோடு விட்டாயா, கூட்டத்தில் என் கதையை வேறு சொன்னாயாம், எங்கம்மா ஒரு பெட்டியோடு இந்த நாட்டில் வந்து இறங்கி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாமல் உழைத்து சூப்பர்வைசர் ஆனவர் என்று. எல்லோரும் கை தட்டினார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் நீ இன்னொரு அழைப்பு வருகிறது என்பாய், அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி, நடுவில் பக்கத்தைத் திருப்பாதே.

ஜோடி அத்தையை உனக்கு ஞாபகம் இருக்கும், முகம் இல்லாவிட்டாலும் அந்தச் சிரிப்பாவது ஞாபகம் இருக்கும். சலவைக்கூடத்தில் பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று நாலு முனையையும் பிடித்து ஓங்கி உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய் இழுத்து, மறுபடி வந்து சேர்க்க வேண்டும், அப்படி எதிரே நிற்பவளுக்குத்தான் ஜோடி என்று பெயர். நான் சேர்ந்த முதல் நாள் எனக்கு எதிரே நிறுத்தியது அவளை. அவளும் அன்றைக்குத்தான் சேர்ந்தாள், ஒரே நாள், ஒரே வேலை, இதை நன்றாகக் கவனித்துக்கொள். அவளுக்கு நம் பேச்சு தெரியாது, எனக்கு அவள் பேச்சு தெரியாது, பிடி, உதறு, திருப்பு என்று ஆரம்பித்து ஒரே வருஷத்தில் நம் தமிழை அள்ளிக்கொண்டுவிட்டாள், பழைய சூப்பர்வைசர் எதிரில் நின்று சிரித்த முகமாகத் தமிழில் திட்டுவாள், அவர் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டுவார், எனக்கு வயிறு வலிக்கும். நான் அவள் பேச்சைக் கடைசிவரை படிக்கவில்லை, ஏன் படிக்கவில்லை என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இஸ்திரி உருளையிலிருந்து வெளியே வரும் துணியின் சூடு, மேல் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீராவி, அதில் அவள் விரலால் பூனை வரைவாள், பூனைக்குச் சூப்பர்வைசரின் மீசை வைப்பாள். கை அத்தனை பழகிப்போய்விட்டது, நான் எப்போது எட்டு வைப்பேன் என்று பார்க்காமலே அவளுக்குத் தெரியும், சில நாள் வேண்டுமென்றே சட்டென்று இழுப்பாள், நான் தடுமாறி முன்னால் வந்து விழப்பார்ப்பேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனது அங்கேயே போய் நின்றுவிடுகிறது, பாப்பா. இங்கே உன் அப்பாவை எதிரே நிறுத்தி ஒரு விரிப்பை மடித்துப் பார், முனையைப் பிடித்துக்கொண்டு செய்தி பார்ப்பார், மடித்து முடித்தால் கறிகாய்ப் பொட்டலம் மாதிரி இருக்கும்.

ஒரே நாளில் சேர்ந்தோம் என்றேன். ஆனால் அன்று மாலை வேலை முடிந்து நான் போனது பின்பக்கக் கேட்டைத் தாண்டினால் வரும் குவார்ட்டர்ஸுக்கு. வெளியிலிருந்து வேலைக்குக் கூட்டிவந்தவர்களுக்கு அறை கொடுத்தார்கள், அவளுக்குக் கொடுக்கவில்லை, உங்களுக்குத்தான் சொந்த ஊர் இருக்கிறதே என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி நின்றதே அவள் பாட்டன் பூட்டன் இருந்த நிலத்தில்தான், அங்கிருந்து கிளப்பி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் கொண்டுபோய்க் குடிவைத்திருந்தார்கள், அதுதான் சொந்த ஊர். நான் மணி அடிக்கும் சத்தம் கேட்டபிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாலும் நேரத்துக்குப் போய் நிற்பேன், அவள் ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்புவாள், மழை பெய்தால் பஸ் வராது, ரிஜிஸ்டரில் சிவப்பு மை விழும். குவார்ட்டர்ஸை ஒட்டியே பள்ளிக்கூடம், தலை வாரி அனுப்பிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நீ போய் இரண்டாவது வரிசையில் உட்காருவது தெரியும். அவர்கள் பக்கத்தில் டீச்சர் வந்தால்தான் பள்ளிக்கூடம். உனக்குக் காய்ச்சல் என்றால் நடந்தே டாக்டரிடம் போவோம், அவள் பிள்ளைகளுக்கு என்றால் அவள் பாதி நாள் லீவு போட வேண்டும். இதையெல்லாம் நான் பார்க்கவில்லையா என்றால் பார்த்தேன், பார்த்துவிட்டு, நாம் உழைக்கிறோம், இவர்களுக்கு அக்கறை போதாது என்றுதான் நினைத்தேன். குவார்ட்டர்ஸ் குழாயடியில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம், நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உன் வாயிலிருந்து வந்தது என் வார்த்தைதான், அதனால் உன்னைத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது அந்த லீவு விஷயம். அவள் போட்ட லீவில் முக்கால்வாசி சாவுக்குப் போனதுதான், அவர்கள் பக்கத்தில் சாவும் அதிகம், வயதாகிச் செத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருத்தர் போனால் சொந்தம் அத்தனையும் போய் உட்கார வேண்டும், அந்த வீட்டில் உலை வைக்க விடமாட்டார்கள், தனியாக அழ விடமாட்டார்கள். நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று பெருமையாகச் சொன்னாயே, இந்த நாட்டில் எனக்கு லீவு போட யார் இருந்தார்கள், என் ஆட்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், என் அண்ணன் போனது, சித்தி போனது, எல்லாம் எனக்குத் தபாலில் வந்தது. என் அப்பா போனதும் அப்படித்தான், கடிதம் என் கைக்கு வரும்போது பதினோரு நாள் ஆகிவிட்டது, எல்லாம் முடிந்துபோனதற்கு எங்கே போய் அழ, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். உன் அப்பாவிடம்கூடச் சாயங்காலம்தான் சொன்னேன். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது, நாலு விரிப்பு மடிப்பதற்குள் முனை ஏன் இப்படிக் கோணலாக வருகிறது என்று கேட்டாள், அப்பா போய்விட்டார் என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தேன். அவளும் எதிர்முனையைப் பிடித்து உதறினாள்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. எனக்கு வேறொருத்தியை ஜோடியாகப் போட்டார்கள், அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை, நான் மனதுக்குள் வராதவளைத் திட்டித் தீர்த்தேன், நேற்று நான் அப்பா செத்துப்போனார் என்று சொல்லியிருக்கிறேன், இன்றைக்குப் பார்த்து மட்டம் போட்டிருக்கிறாளே என்று. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவளோடு அவள் அக்கா, நாத்தனார், இன்னும் இரண்டு பேர், தூக்குப்பாத்திரத்தில் சாப்பாடு, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். காலை ஏழரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா செத்த செய்தி வந்த மகள் வீட்டில்தானே இருப்பாள் என்று நினைத்து வந்துவிட்டார்கள், வேலைக்குப் போயிருப்பேன் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்கு முதலில் வெட்கமும் கோபமுமாக வந்தது, அக்கம்பக்கம் பார்க்கிறதே என்று. அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள், அவ்வளவுதான், பதினோரு நாளும் அதற்கு முந்திய பதினோரு வருஷமும் சேர்ந்து வந்துவிட்டது. என் அப்பாவின் முகத்தையே பார்த்திராத அஞ்சு பெண்கள் என்னோடு உட்கார்ந்து அழுதார்கள். உனக்கு அப்போது ஏழு வயது.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் இடத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஆபீஸில் கூப்பிட்டுச் சொன்ன கிளார்க் வாய் சும்மா இருக்காமல், உங்கள் ஜோடி பெயர்தான் முதலில் இருந்தது, வேலையில் அவள்தான் கெட்டி, ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல் லீவு போட்டவர்களை எடுக்கக்கூடாது, அவள் பதிமூன்று ஆக்கிவிட்டாள் என்றார். ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். கடைசியாக விழுந்த லீவு எந்தத் தேதி என்று பார்த்தேன், எனக்குத் தெரியாத தேதியா அது. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்த லீவு என் அப்பாவுக்காகப் போட்டது என்று. சொல்லவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் உனக்குத் தெரியுமே, மேல் வரிசை வீடு, உனக்குப் பெரிய பள்ளிக்கூடம், காலேஜ், இன்றைக்கு நீ உட்கார்ந்திருக்கும் நாற்காலி. அவள் கடைசிவரை விரிப்புதான் மடித்தாள், என் கீழேயே மடித்தாள், என்னை ஒரு நாளும் வேற்றுமுகமாகப் பார்க்கவில்லை. அவள் வீட்டில் அதற்குப் பிறகு எத்தனை சாவு, நான் ஒன்றுக்கும் போகவில்லை, போனால் லீவு போட வேண்டுமே. ரிடையர் ஆன பிறகு முழங்காலைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் அவள் மூத்த மகன் போய்விட்டான், நாற்பத்திரண்டு வயது, சிறுநீரகம். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ரயில் பார்க்கக் கூட்டிப்போவானே, அவன்தான். இந்தத் தடவை எனக்கு மனது கேட்கவில்லை, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடு கொள்ளாத கூட்டம், பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் பெருக்குகிறவர்கள், மீன் கடைக்காரி, ஒருத்தரும் அன்று வேலைக்குப் போகவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள், சுற்றி இருந்தவர்களிடம் இவள்தான் என் ஜோடி என்றாள், அவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. மறுவாரம் தனியாகப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பதிமூன்றாவது நாள், ரிஜிஸ்டர், நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டது, எதையும் ஒளிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், "தெரியும்டி. இன்னும் ஒரு நாள் போட்டா லிஸ்ட்ல பேர் இருக்காதுன்னு கிளார்க் எனக்கு முந்தின நாளே சொல்லிட்டாரு. அதுக்காக வராம இருக்க முடியுமா, உங்க அப்பாவுக்கு இந்த ஊர்ல வேற யாரு இருந்தா?" அவள்தான் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். இதெல்லாம் நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அதற்குள்தான் உன் போன்.

உன் வேலையை உனக்குச் சொல்லித்தர எனக்குப் படிப்பு கிடையாது. சட்டத்தை மீறு என்றும் சொல்லவில்லை. அந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த லீவு யாருக்காகப் போட்டது, வீடு எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேள், கேட்ட பிறகு உன் மனது சொல்வதைச் செய். கூட்டத்தில் என் கதையைச் சொல்வதாக இருந்தால் இந்தக் கடிதத்தில் உள்ளபடி முழுசாகச் சொல், அம்மாவுக்கு அவமானம் என்று பார்க்காதே, பாதிக் கதைக்குக் கைதட்டு வாங்கித் தராதே.

நீ எடுத்த காரியம் ஜெயிக்கட்டும், உன் கையால் நாலு பேர் நன்றாக இருக்கட்டும், சின்னக்குட்டி உன்னை எதிர்த்துக் கேள்வி கேட்கிற அளவுக்கு வளரட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. பட்டியல் கொடுக்க இருபத்தைந்தாம் தேதிவரை நேரம் இருக்கிறது என்றாய், இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிடும், வந்த அன்றைக்கே படி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்து முப்பது பேர் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். உனக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா